அளவு ஜாக்கெட்

பழனாயி: அதே கிட்னிதானுங்களா சார், இல்ல இந்தத் தடவ கண்ணு வேணுமா?

இளங்கோ: ஏனுங்க... வந்ததும் வராததுமா இப்படிக் கேக்கறீங்க...

பழனாயி: மூணு வருசத்துக்கு முன்னால கிட்னி கேட்டு வந்தீங்க. அதுக்கப்பறம் இன்னைக்குத்தான் வர்றீங்க. கையில பை வேற. கேக்க மாட்டனுங்களா?

இளங்கோ: அன்னைக்கு ஒண்ணும் எடுக்கலீங்களே.

பழனாயி: எடுத்துக்கங்கன்னு நான் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் ஆஸ்பத்திரில உக்காந்திருந்தேன். உங்க தங்கச்சி பிரியங்காதான் வேண்டாம்னுட்டாங்க. அதனால ரெண்டும் பத்திரமா இருக்குது. உக்காருங்க. ஓரத்துல உக்காராதீங்க, பெஞ்சு தூக்கி உட்ரும்.

இளங்கோ: பரவால்லீங்க, நிக்கறேன்.

பழனாயி: நின்னீங்கன்னா செக்யூரிட்டி நம்மளையே பார்த்துட்டு இருப்பாரு. பனியன் கம்பெனில டீ டைமு கால் மணி நேரந்தானுங்க. ...கேட்டுல என்னன்னு சொல்லி என்னக் கூப்பிட்டீங்க?

இளங்கோ: அது... செக்கிங்ல இருக்கற... பிரதின்னு.

பழனாயி: செக்கிங்ல மட்டும் பிரதி ஏழு பேரு இருக்கறமுங்க. மொதல்ல வேற ஒருத்தி வந்து நின்னாளாமே?

இளங்கோ: ஆமாங்க. அப்பறம் போட்டோ காட்டுனேன்.

பழனாயி: ஆரு போட்டோ?

இளங்கோ: ...

பழனாயி: பிரியங்கா போட்டோ.

இளங்கோ: உங்க போட்டோ எங்கிட்ட இல்லீங்களே.

பழனாயி: அதுவுஞ் செரிதான்.

இளங்கோ: உங்களப் பார்த்தா... அப்படியே...

பழனாயி: அவங்க மாதிரியே இருக்கறேன். தெரியுமுங்க. அவங்க பொறந்த அன்னைக்கே அவங்க ஒடம்புல ஒரு பொட்டு எடுத்து, அதுல இருந்து வளர்த்த ஆளு நானு. பின்னால ஏதாச்சும் பழுதானா மாத்திக்கலாம்னு உங்கப்பா கையெழுத்துப் போட்டுச் செஞ்சு வெச்சாரு. வேற ஆரு மாதிரி இருப்பேன்?

இளங்கோ: அதெல்லாம் முடிஞ்சு போன கதைங்க. சட்டம் வந்துருச்சு. அந்த விடுதிகளையெல்லாம் மூடிட்டாங்க. உங்களையெல்லாம் வெளிய உட்டாச்சு.

பழனாயி: உட்டாங்க. கார்டும் குடுத்தாங்க. கார்டுல 'பிரதி'ன்னு செகப்புல அடிச்சுக் குடுத்தாங்க. அனுப்பர்பாளையத்துல ஊடு தேடி அலைஞ்சப்ப, ஊட்டுக்காரங்க மூஞ்சியப் பார்க்கறதுக்கு முன்னால அதைத்தானுங்க பார்த்தாங்க. பதினாலாவது ஊடு கெடச்சுது. செரி உடுங்க. வந்த விசயத்தச் சொல்லுங்க.

இளங்கோ: எனக்குக் கலியாணமுங்க. வர்ற ஆவணில.

பழனாயி: சந்தோசமுங்க. அதுக்கு எங்கிட்ட என்ன ஆகோணும்?

இளங்கோ: இணைச்சீர் செய்யோணும்.

பழனாயி: விடுதில வளந்தவளுக்குச் சீரெல்லாம் தெரியாதுங்க. வெவரமாச் சொல்லுங்க.

இளங்கோ: மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவ செய்யற சீரு. முகூர்த்தத்துக்கு முன்னால பட்டுக் கட்டி, நகை போட்டு, எம் பக்கத்துல நிக்கோணும். கூறைச்சேலைல ஒரு முனை எங்கிட்ட, இன்னொரு முனை அவகிட்ட. அது முடிஞ்சாத்தான் எங்க பக்கம் தாலிக்கே போவாங்க.

பழனாயி: கூடப்பொறந்தவ செய்யறது.

இளங்கோ: ஆமாங்க.

பழனாயி: நான் எங்க பொறந்தேன்னு எனக்கே தெரியாதுங்க. விடுதில பதினோரு பேர்த்துக்கும் ஒரே தேதியப் போட்டு வெச்சிருந்தாங்க. வருசத்துக்கு ஒருக்கா பதினோரு பேர்த்துக்கும் சேர்த்து ஒரு கேசரி. ...பையில என்னங்க?

இளங்கோ: ஜாக்கெட்டுங்க. பட்டுக்குத் தோதா தைச்சது.

பழனாயி: ஆருக்கு?

இளங்கோ: உங்களுக்குத்தானுங்க.

பழனாயி: எங்கிட்ட அளவே வாங்கலியே.

இளங்கோ: அது... பிரியங்காவோட அளவு ஜாக்கெட் ஊட்டுல இருந்துச்சு. அதைக் குடுத்துத்தான்...

பழனாயி: குடுங்க பார்க்கலாம். ...ம்ம். நல்லா தைச்சிருக்காரு. கழுத்து சுத்தமா வந்திருக்குது. ஆனா சோல்டர் எனக்கு முக்கா இஞ்ச் பத்தாது. கையி ஏறவே ஏறாது.

இளங்கோ: போடாமயே எப்படிச் சொல்றீங்க?

பழனாயி: நாளைக்கு எழுநூறு பீஸ் கையில புரட்டறனுங்க சார். கண்ணே டேப்பு. நீங்க என்ன வேல பண்றீங்க?

இளங்கோ: மெர்ச்சண்டைசருங்க. பையர் குடுக்கற அளவுக்குத் தைச்சு அனுப்பற வேல.

பழனாயி: நல்ல மெர்ச்சண்டைசர். ஒருத்தர் அளவு ஸ்பெக்க வெச்சு இன்னொருத்தருக்குத் தைச்சுட்டு வந்திருக்கீங்க.

இளங்கோ: ஒரே... ஒரே ஒடம்புதானேன்னு நெனச்சுட்டனுங்க.

பழனாயி: அவங்க காலேஜ் போனாங்க. நான் பதினெட்டு வயசுல இருந்து செக்கிங் டேபிள்ல நின்னு பண்டல் தூக்கறேன். ஒரே ஒடம்பா எப்படி இருக்கும்?

ஜோதிகா: ஏட்டி பழனாயி! டீ ஆறிப் போவுது, நீ இங்கன உக்காந்து கத பேசிக்கிட்டிருக்க? யாருட்டி இது?

பழனாயி: இவரு... ஒருத்தரு. சார், இது ஜோதிகா. டெய்லர். நானும் அவளும் ஒரே ரூம்பு. நாங்குநேரிப் பக்கம்.

ஜோதிகா: வணக்கம் அண்ணாச்சி. ரெண்டு டீதான் கொண்டாந்தேன், நீங்க என் டீயக் குடிங்க. இவளப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்திய? பொண்ணு கேட்டா?

இளங்கோ: ஐயோ, இல்லீங்க! எங்... என்ர கலியாணத்துக்கு...

ஜோதிகா: மாப்பிள்ளையே நீங்கதானா! அப்பம் அழைக்க வந்திருக்கிய. பத்திரிகைய எடுங்க, பாப்பம்.

இளங்கோ: இன்னும் அடிக்கலீங்க.

பழனாயி: நீ கொஞ்சம் சும்மா இரு ஜோதிகா. சார், இணைச்சீருக்கு வர்றதுன்னா நான் ஆரா வர்றதுங்க?

இளங்கோ: புரியலீங்க.

பழனாயி: புரிஞ்சுதுங்க உங்களுக்கு.

இளங்கோ: ...பெரியப்பா ஒரு வார்த்த சொல்றாரு. பிரதிக்குன்னு தனியா ஒரு ஒறவு கெடையாது, அப்படி ஒருத்தி வந்து சீர் செஞ்சா அது சீருலயே சேராதுங்கறாரு. ஆனா... பிரியங்கா பேர்லயே நின்னா, அவளே வந்து செஞ்ச மாதிரி. சீர் நடத்தற அருமைக்காரரும் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாரு. ஒரு காலை நேரந்தானுங்க.

பழனாயி: ஒரு காலை நேரம் நான் பிரியங்கா.

இளங்கோ: அம்மாவுக்கும் அதுதான் ஆசைங்க. மக பட்டுக் கட்டி நிக்கறத ஒருக்காப் பார்த்துட்டா மனசு ஆறிரும்னு சொல்றாங்க.

பழனாயி: அம்மா சொன்னாங்களா?

இளங்கோ: ஆமாங்க.

பழனாயி: அவங்க வாயாலயே?

இளங்கோ: ...ஆமாங்க.

பழனாயி: எப்பச் சொன்னாங்க?

இளங்கோ: அது... போன வாரம். ஏன் கேக்கறீங்க?

பழனாயி: சும்மாதான் கேட்டேன். டீ குடிங்க.

ஜோதிகா: அண்ணாச்சி, கோவிச்சுக்காதிய. இந்த முகம் பார்க்குத அட்டெண்டென்ஸ் மிசின் இருக்குல்லா, அது இவளுக்கு ஒரு மாசம் என்ன பண்ணுச்சு தெரியுமா? இவ மூஞ்சியக் காட்டுனா 'பிரியங்கா ஆறுச்சாமி, வேறு நிறுவனம்'னு காட்டும். எந்தக் கம்பெனில அவ பேரு கெடந்துச்சோ.

இளங்கோ: பிரியங்கா லீவுல ட்ரெயினிங் போனா. அங்க பதிஞ்சிருப்பாங்க.

ஜோதிகா: தெனமும் காலைல இவ அதோட சண்ட போடுவா. 'நான் அவ இல்ல'ன்னு மிசின்கிட்டக் கத்துவா. லைனே சிரிக்கும். கடேசில ஆபீஸ்ல இருக்க அருண்குமார் சார் வந்து சரி பண்ணிக் குடுத்தாரு. மிசினே ஒத்துக்கிட்டுது. நீங்க ஒரு காலைக்குத் திரும்பியும் மாத்துதிய.

பழனாயி: சார், ஒண்ணு கேக்கறேன். ஒரே நூலு, ஒரே சாயம், ஒரே ரெசிப்பி. ஆனா ரெண்டு தொட்டில போட்டு எடுத்த துணி. முன்பக்கம் இதுல, முதுகு அதுல வெச்சுத் தைச்சா என்னாகும்?

இளங்கோ: ஷேடு மாறிரும். ரிஜெக்ட் ஆகும்.

பழனாயி: துணில கொறையுங்களா?

இளங்கோ: இல்லீங்க. ரெண்டும் நல்ல துணிதான்.

பழனாயி: ம். உங்க பெரியப்பாவுக்கு மக இருக்காங்கல்ல? அவங்களுக்கும் நீங்க அண்ணன்தானே. அவங்க செய்யட்டும். ஒறம்பரை சனத்துல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எதுக்குங்க இத்தன தூரம் வந்து எங்கிட்ட நிக்கறீங்க?

இளங்கோ: ...

ஜோதிகா: அண்ணாச்சி பேச மாட்டேங்காவளே.

பழனாயி: இரு. பேசுவாரு.

இளங்கோ: அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த பேப்பர எடுத்துட்டு நேரா அவ ரூமுக்குப் போனனுங்க. 'ஒத்துக்கிட்டா அம்மிணி, இனிப் பயமில்ல'ன்னு சொன்னேன். அவ சிரிச்சா. சிரிச்சுட்டு, 'அவ பேரு என்னண்ணா?'ன்னு கேட்டா. எனக்குத் தெரியல. உங்ககிட்ட ரெண்டு மணி நேரம் பேசியிருக்கேன். பேரக் கேக்கணும்னு தோணவே இல்லீங்க. பேப்பர்ல இருந்துச்சு, கையில வெச்சுட்டு நான் படிக்கவே இல்ல. 'பேரு கூடக் கேக்காம ஒருத்தி வயித்துல இருந்து எடுத்துட்டு வருவியா? எனக்கு வேண்டாம், திருப்பிக் குடுத்துரு'ன்னுட்டா. நாங்க அழுது பார்த்தோம். அம்மா கால்ல உழுந்து பார்த்தாங்க. அவ மொகத்தத் திருப்பிக்கிட்டா. இருவத்தொரு நாள்ல போயிட்டா.

ஜோதிகா: யேசுவே...

இளங்கோ: அந்தப் பேரு இப்ப எனக்குத் தெரியுமுங்க. அவ போனதுக்கப்பறம் அந்தப் பேப்பர எடுத்துப் படிச்சேன். தெனமும் மனசுக்குள்ள சொல்லிப் பார்ப்பேன். வாய்ல வராது. அன்னைக்கே கேட்டிருந்தா அவ ஒத்துக்கிட்டிருப்பா, இருந்திருப்பா... அந்தப் பேரச் சொன்னா, என்னாலதான் அவ போனாங்கறது ஆமான்னு ஆயிரும். உங்களப் பிரியங்கான்னு கூப்பிட்டா... ஒருத்திகூடச் சாகாத மாதிரி. அதுக்குத்தானுங்க வந்தேன். தப்புத்தான். பைய எடுத்துட்டுக் கெளம்பறேன்.

பழனாயி: உக்காருங்க. பெல்லு இன்னும் அடிக்கல. அவங்க அதனால சாகலீங்க. காய்ச்சல் ரத்தத்துல ஏறிருச்சு. நான் அன்னைக்கே படுத்திருந்தாலும் டாக்டர் கத்தியத் தொட்டிருக்க மாட்டாரு. அது மொதல் வாரமே தெரிஞ்சு போச்சாம்.

இளங்கோ: உங்களுக்கு ஆரு சொன்னா?

பழனாயி: கேள்விப்பட்டனுங்க.

இளங்கோ: அது எங்கம்மாவுக்கு மட்டுந்தான் டாக்டர்...

பழனாயி: நான் அவங்கள ஒருக்காக்கூடப் பார்த்ததில்லீங்க, பிரியங்காவ. ஆனா எம் பேர மொதல்ல கேட்டது அவங்கதான் போலருக்குது. எனக்கு இது தெரியாது. ...நல்லா இருக்குதுங்க இதத் தெரிஞ்சுக்கறதுக்கு.

ஜோதிகா: இவ பேரு எப்பிடி வந்துச்சுன்னு கேளுங்க அண்ணாச்சி. இந்தக் காலத்துல இருவத்திமூணு வயசுல எவளாவது பழனாயின்னு வச்சுக்கிடுவாளா?

பழனாயி: விடுதில எங்களுக்கெல்லாம் நம்பருதானுங்க. நான் பதினேழு பி. சமையக்கார அம்மா ஒருத்தங்க மட்டும் நம்பரச் சொல்ல மாட்டாங்க. ஊத்துக்குளில இருந்து வருவாங்க. தட்டத் தூக்கிட்டுப் போனா 'என்ன சாமி, இன்னொரு கரண்டி ஊத்தட்டுமா'ம்பாங்க. வெளிய உட்டப்ப, கார்டு எழுதறவரு பேரென்னன்னு கேட்டாரு. எனக்கு வேற எந்தப் பேரும் நெனப்புல வரல. அவங்க பேரச் சொல்லிட்டேன். அவரு ரெண்டு தடவ கேட்டாரு, 'பழனாயியா? நெசமாவா?'ன்னு.

ஜோதிகா: நம்ம ஆளுவோ இன்னமும் கேக்குதாவ.

இளங்கோ: நல்ல பேருங்க.

பழனாயி: பொய் சொல்லாதீங்க.

இளங்கோ: ...கொஞ்சம் பழைய பேருதான்.

பழனாயி: இப்பத்தான் ஒரு உண்மை வந்துச்சு.

இளங்கோ: ஜோதிகாங்க, உங்க கழுத்துல கெடக்கறது டேப்புதானே?

ஜோதிகா: டெய்லர் கழுத்துல பின்ன தாலியா கெடக்கும்? எதுக்கு?

இளங்கோ: இவங்களுக்கு அளவெடுக்கறீங்களா? நான் எழுதிக்கறேன். தையக்காரர்கிட்ட இன்னைக்கே குடுத்துர்றேன். இந்த ஜாக்கெட் வேண்டாம். புதுசாவே தைக்கச் சொல்லிக்கறேன்.

பழனாயி: நான் இன்னும் செரின்னு சொல்லலீங்க.

இளங்கோ: சொல்ல வேண்டாமுங்க. அளவு மட்டும் குடுங்க. வர்லீன்னா ஜாக்கெட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்.

ஜோதிகா: எந்திரிட்டி. கையத் தூக்கு. சோல்டர்... பதினாலே முக்கால். எழுதுங்க. கை நீளம் ஒம்பதரை. கை சுத்தளவு... ஏட்டி, மூச்ச இழுக்காத! நீ என்ன சினிமாவுக்கா போற?

பழனாயி: நான் எங்க இழுத்தேன்?

ஜோதிகா: இழுத்த. பதிமூணு. ஒடம்பு முப்பத்தாறு. கழுத்து எறக்கம் எவ்வளவு வைக்கட்டும்? கோயில் கலியாணம்னா ஆறு போதும்.

இளங்கோ: ஆறு.

ஜோதிகா: ஆச்சு. பேரு போடுங்க சீட்டுல. பேரில்லாமப் போனா தையக்காரர் கடைல துணி மாறிப் போவும்.

இளங்கோ: ...

ஜோதிகா: என்ன அண்ணாச்சி, பேனா எழுத மாட்டேங்குதா?

பழனாயி: உடு ஜோதிகா.

இளங்கோ: இல்லீங்க. எழுதறேன். ...ப... பழனாயி.

பழனாயி: ...

இளங்கோ: பழனாயி. சரியாச் சொன்னனுங்களா?

பழனாயி: சரியாத்தான் சொன்னீங்க.

ஜோதிகா: இனிசியலு?

பழனாயி: எனக்கேது?

இளங்கோ: அப்பா பேரு ஆறுச்சாமி. 'ஆ'ன்னு போட்டுக்கலாமுங்க.

பழனாயி: அவரு வேண்டாமுங்க. அவரு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டாரு. அவ்வளவுதான்.

இளங்கோ: ...அப்ப அம்மா பேரு. கருப்பாத்தாள். க. பழனாயி. பத்திரிகைலயும் அப்படியே போடச் சொல்லிர்றேன். 'இணைச்சீர்: க. பழனாயி'.

பழனாயி: உங்க பெரியப்பா?

இளங்கோ: பேசறேன்.

பழனாயி: ஒத்துக்கலீன்னா?

இளங்கோ: அவரு நேரா பந்திக்கு வரட்டும்.

ஜோதிகா: அப்பிடிப் போடுங்க அண்ணாச்சி! சரி, பேரச் சொல்லியாச்சு. நான் ஆபீசுக்குப் போயிட்டு வாரேன்.

இளங்கோ: ஆபீசுக்கு எதுக்குங்க இப்ப?

ஜோதிகா: ஒரு வேல கெடக்கு. நீங்க பேசிக்கிட்டிருங்க.

பழனாயி: அவ போறா, உடுங்க.

இளங்கோ: இன்னொண்ணு இருக்குதுங்க. அதையும் சொல்லிட்டுப் போயர்றேன்.

பழனாயி: பெல்லு அடிக்கப் போகுது.

இளங்கோ: அம்மா அப்படிச் சொல்லலீங்க. உங்களப் பிரியங்காவாப் பார்க்கோணும்னு... அம்மா எதுவுமே சொல்லல. நான் இங்க வந்ததே அவங்களுக்குத் தெரியாது. நான்தான் அப்படிப் பார்க்கோணும்னு நெனச்சேன். சொல்லத் தைரியம் இல்லாம அவங்க பேரச் சொல்லிட்டேன்.

பழனாயி: தெரியுமுங்கண்ணா.

இளங்கோ: ...என்ன கூப்பிட்டீங்க?

பழனாயி: காதுல உழுந்துச்சில்ல?

இளங்கோ: உழுந்துச்சு. ...தெரியும்னீங்களே, எப்படித் தெரியும்?

பழனாயி: பீரோவுல அளவு ஜாக்கெட் இல்லைங்கறத அம்மா கண்டுபிடிச்சுட்டாங்கண்ணா. நீங்க எங்கிட்டத்தான் வருவீங்கன்னு புரிஞ்சுக்கிட்டு, திங்கக்கிழமையே கருப்பட்டி முட்டாயி வாங்கிட்டு வந்து, இப்ப நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்திருந்தாங்க. 'நீ நீயாவே வந்து நில்லு சாமி, எனக்கு அது போதும்'னாங்க. நான் அன்னைக்கே லீவு லெட்டர் எழுதி ஜோதிகாகிட்டக் குடுத்துட்டேன், அவரு எம் பேரச் சொன்னா ஆபீஸ்ல குடு, சொல்லலீன்னா கிழிச்சுப் போட்ருன்னு. அம்மா கேட்டு வரைக்கும் போயிட்டு, மறுக்கா திரும்பி வந்து சொன்னாங்க... 'அந்தக் கிறுக்குப் பையன் என்னையச் சாக்கா வெச்சுத்தான் கேப்பான், சட்டுனு செரின்னு சொல்லிப் போடாத, சித்த அலைய உடு'ன்னு.